திட்டை ஒட்டிய செல்கள்

1

இந்தக் கதையை நான் தேடிப்போகவில்லை. கணைய ஆராய்ச்சி செய்துவந்த ஒருத்தி, ஆய்வுக்கூட வேலையை உதறிவிட்டு வந்த சாயங்காலம், என் எதிரில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே சொன்னது. அழுதிருந்தால் எழுதியிருக்க மாட்டேன்.

முதல் தொடக்கம்: ‘கணையம் என்னும் வீட்டில் இரண்டு குடும்பங்கள்...’ [அடித்துவிட்டேன். செல்களைக் குடும்பமாக்கிவிட்டால் அப்புறம் குடும்பத்தை என்ன செய்வது?]

நேராகவே சொல்கிறேன். கணையத்தில் பெரும்பகுதி, செரிமானத்துக்கு நொதி சுரக்கும் செல்கள். நடுநடுவே திட்டுத் திட்டாக இன்சுலின் சுரக்கும் செல்கள். அவள் ஆராய்ந்தது திட்டுகளை. அதே ஆய்வுக்கூடத்தில் அவள் கணவன் ஆராய்ந்தது நொதிச் செல்களை. நொதிச் செல் கெடுவது அதன் சொந்தக் கோளாறு, பக்கத்தில் இருப்பவர் மீது பழி போடக் கூடாது என்பது அவன் கட்சி. அவன் பெயரே அதில்தான் நின்றது.

2

ஒரு மதியம், கொழுத்த எலியின் கணையத்தை நுண்ணோக்கியில் வைத்தாள். திட்டை ஒட்டிய நொதிச் செல்கள் உருமாறத் தொடங்கியிருந்தன. தள்ளியிருந்தவை தேமே என்றிருந்தன. தோண்டிப் பார்த்தாள். கொழுப்பின் பாரம் தாங்காத இன்சுலின் செல்கள், வழக்கத்தில் இல்லாத வேறொரு ஹார்மோனையும் சுரந்து, அக்கம்பக்கத்தைப் புற்றுநோயின் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தன.

“ஏங்க, இதக் கொஞ்சம் பாருங்களேன்.”

குனிந்து பார்த்தவன் நிமிர வெகு நேரமாயிற்று.

“சாயம் சரியா ஏறலம்மா.”

“திரும்பத் திரும்பப் போட்டுப் பாத்துட்டேங்க.”

“என் பதவி உயர்வு நேர்காணல் முடியட்டுமே. இது எங்க ஓடிப்போகப் போகுது?”

[இந்த இடத்தில் அவனை வில்லனாக்கப் பார்த்தேன். வரவில்லை. அவள் காய்ச்சலில் கிடந்தபோது அவளுடைய எலிகளுக்கும் தீனி வைத்தவன் அவன்தான்.]

கட்டுரையை வெளியிடாமல் அவள் நிறுத்திவைத்தாள். ஏன் என்று கேட்டேன். “அவரு முகத்தப் பாத்தேன். அவ்வளவுதான்.”

3

பதவி கிடைத்தது. அவன் சொன்ன ‘அடுத்த மாசம்’ என்பது இன்னொரு ‘அடுத்த மாச’மானது. அதற்குள் வேறெங்கோ ஓர் ஆய்வுக்கூடம் அதையே கண்டுபிடித்து வெளியிட்டது. சாப்பிடும்போது அவன்தான் போனில் படித்துக்காட்டினான்.

“கோட்டை விட்டுட்டியே! அப்பவே போட்டிருக்கலாமில்ல?”

குரலில் கேலி இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பாள். இல்லை. அவன் நிஜமாகவே மறந்திருந்தான்.

“போட்டிருக்கலாங்க” என்றபடி அவனுக்குக் கறி பரிமாறினாள்.

அடுத்த கூட்டத்தில், இப்போது துறைத்தலைவனான அவன், எல்லோர் முன்னாலும் சொன்னான்: “பக்கத்துச் செல் மேல எனக்கு எப்பவுமே ஒரு சந்தேகம் உண்டு.”

எழுந்து வெளியே வந்தவள் ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பவில்லை; நேராக என்னிடம் வந்தாள்.

4

முடிவுகள்.

[அவனுக்கே கணையத்தில் புற்று. எழுதினேன், கிழித்தேன். வியாதியைத் தண்டனையாக்குவது எழுதுகிறவனின் சோம்பேறித்தனம்.]

[அவள் வேறு இடத்தில் ஓகோவென்று வருகிறாள். அவள் எதிரிலேயே எழுதிப் படித்துக்காட்டினேன். “இது யாருக்கு ஆறுதல், உங்களுக்கா?” என்றாள்.]

[அவள் தட்டைத் தள்ளிவிட்டு, “நீங்கதானே அன்னிக்கு” என்று]

பாதியில் நிற்கட்டும். அவள் சொல்லாததைச் சொல்லவைக்க நான் யார்?

“இப்ப எங்க போறீங்க?” என்று கேட்டேன்.

“வீட்டுக்குத்தான். சாவி அவர்கிட்ட இல்ல, வெளிய நிப்பாரு.”

போய்விட்டாள். அவன் வாசலில் நிற்கிறான். ‘எங்கம்மா போயிட்ட?’ என்று அக்கறையாகத்தான் கேட்பான். பதிலை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்த பதிலை, கறி பரிமாறியபடி அவள் சொன்னதைப் போன்ற ஒன்றை, எழுதக் கை வரவில்லை.