ஓர் ஆளின் எடை

லெசோத்தோ ராணுவத்தின் விமானப் பிரிவு மொத்தத்தையும் தலைநகர் மசேருவில் ஒரே கொட்டகைக்குள் அடைத்துப் பூட்டிவிடலாம். எங்கள் நாட்டின் அளவுக்கு அது போதும். ஆனால் எங்களுக்குக் குளிர்காலமான ஜூலையில் மலையில் பனி கொட்டினால் மட்டும் போதாது. அந்த வருஷம் இருந்த ஹெலிகாப்டர்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் பறந்துகொண்டிருந்தன. மலைப்பகுதியான மொகோட்லோங் பக்கம் விமானி கேப்டன் செலெபாலோவுக்கு விழுந்தது.

கூடவே சார்ஜென்ட் மொலெஃபி. பின்னால் உட்கார்ந்து ஆட்களை ஏற்றி இறக்குவதும், எந்திரம் முனகினால் ஏன் என்று பார்ப்பதும் அவன் வேலை. நல்ல கனமான ஆள். அவன் தொப்பையை வம்புக்கு இழுக்காமல் செலெபாலோ என்ஜினைக் கிளப்பியதே கிடையாது.

அங்கே ஒரு கணவாயின் உச்சியில் பிக்கப் வண்டி ஒன்று பனியில் புதைந்திருந்தது. உள்ளே டிரைவரும், மூச்சுத் திணறும் கைக்குழந்தையோடு ஒரு பெண்ணும் என்று தகவல். அந்த உயரத்தில் காற்று மெலிந்துவிடும். ஒரு மூட்டை சோளமாவு கூடினாலும் ஹெலிகாப்டர் எழும்பாது. அதனால் செலெபாலோ ஆட்களைக் கணக்குப் பார்த்து, எரிபொருளைக் குறைத்துக்கொண்டுதான் போனான்.

"அவங்க ரெண்டு பேர், குழந்தை, நாம. அவ்ளோதான். ஒரு கோழி ஏறினாலும் இறக்கிவிட்டுடுவேன்," என்றான்.

"கோழின்னா நான் சாப்பிட்டுட்டு ஏறிக்கறேன், கேப்டன்."

பனியில் இறங்கினார்கள். டிரைவரின் கால்கள் மரத்துப் போயிருந்தன. மொலெஃபி அவனை முதுகில் சுமந்து வந்து கிடத்தி, தன் ஜாக்கெட்டைக் கழற்றி அந்தக் கால்களில் சுற்றினான். அந்தப் பெண் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கம்பளிப் போர்வை போர்த்திக்கொண்டு, தலையைக் குனிந்தபடி ஏறினாள். குளிர்காலத்தில் எங்கள் பெண்களிடம் போர்வைக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. கேட்பது மரியாதையும் இல்லை.

செலெபாலோ தூக்கிப் பார்த்தான். ஹெலிகாப்டர் ஒரு முழம் எழும்பி, எச்சரிக்கை மணி அலற, பொத்தென்று உட்கார்ந்தது. மறுபடியும் அதே கதை. கிழக்கே மேகம் திரண்டு வந்துகொண்டிருந்தது.

"யோவ் மொலெஃபி, பின்னாடி என்னத்தய்யா ஏத்தியிருக்க?" என்று மைக்கில் கத்தினான். பதில் இல்லை. தெரிந்த வசவை எல்லாம் வரிசையாக விட்டான். அதற்கும் பதில் இல்லை.

பார்த்தால், மொலெஃபி வெளியே அவன் ஜன்னலோரம் நிற்கிறான். ஜாக்கெட் இல்லை. காதில் ஹெட்போனும் இல்லை.

"நான் இறங்கிட்டேன்! நீங்க போங்க!" என்று கத்தினான்.

"உனக்கென்ன பைத்தியமா?"

"குழந்தை நீலமா ஆயிடுச்சு, கேப்டன். பேசிட்டிருந்தா பொழுது போயிடும். வண்டிக்குள்ள உக்காந்திருக்கேன், வந்து கூட்டிட்டுப் போங்க."

"தொப்பையைக் குறை, குறைன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன், கேட்டியா? இப்ப பாரு. அரை மணியில வந்துடறேன்."

மொலெஃபி சிரித்துக்கொண்டே கதவைத் தட்டிவிட்டு விலகினான். ஹெலிகாப்டர் சுலபமாக எழும்பியது. பாவி, தூக்க முடியாததற்கு மொலெஃபியின் உடம்புதான் காரணம் என்றே நினைத்துக்கொண்டு செலெபாலோ பறந்தான்.

மொகோட்லோங் ஆஸ்பத்திரி மைதானத்தில் நர்ஸ் குழந்தையை வாங்கிக்கொண்டு ஓடினாள். அந்தப் பெண் எழுந்து மேல் போர்வையை விலக்கினாள். இடுப்பைக் கட்டிக்கொண்டு ஒரு சிறுமி. அவள் தலையில் மொலெஃபியின் ஹெட்போன்.

"நீங்கதானே கெட்ட வார்த்தை பேசினது?" என்று சிறுமி கேட்டாள்.

செலெபாலோவின் கணக்கில் இல்லாத ஆள். தாய் அவன் காலடியில் உட்கார்ந்துவிட்டாள்.

"ரெண்டு பேருக்குத்தான் இடம்னு போன்ல சொன்னாங்கய்யா. இவளை அங்கயே விட்டுடுவீங்கன்னு பயந்துட்டேன். பெல்ட் போட வந்தவரு பாத்துட்டாரு. ஒண்ணும் பேசாதேன்னு சொல்லி, சத்தத்துல பயந்துடுவாளேன்னு இதை இவ தலையில மாட்டிட்டு இறங்கிட்டாரு."

அவளை அறைந்துவிடலாம் போல இருந்தது அவனுக்கு. எரிபொருளை நிரப்பச் சொல்லிவிட்டு ஓடினான்.

அதற்குள் மேகம் கணவாயின் மேல் உட்கார்ந்துவிட்டது. போனான், மலை எது, வானம் எது என்று தெரியாமல் திரும்பினான். மறுபடி போய், பாறையில் மோதாமல் தப்பித்துத் திரும்பினான். மூன்றாவது முறை கிளம்பியபோது மசேருவிலிருந்து மேஜர் ரேடியோவில் தடுத்துவிட்டார். மறுநாளும் மேகம் விலகவில்லை. குதிரைகளில் ஏறிப் போனவர்கள்தான் மொலெஃபியைக் கொண்டுவந்தார்கள். பிக்கப்பின் சீட் உறைகளைக் கிழித்து உடம்பில் சுற்றிக்கொண்டு, ஹெலிகாப்டர் வரும் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தானாம்.

அடக்கத்துக்கு முன் செலெபாலோ அந்த வீட்டுக்குப் போனான். மொலெஃபியின் மனைவி மாபுலேங் துக்க வழக்கப்படி தரையில் போட்ட மெத்தையில், போர்வைக்குள் உட்கார்ந்திருந்தாள். ஹெட்போனை அவள் முன் வைத்தான். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னான். கடைசியாகத் தொப்பையைக் கிண்டல் செய்ததையும் மறைக்கவில்லை.

"அரை மணியில வரேன்னு சொன்னீங்களா?" என்று கேட்டாள் அவள்.

"சொன்னேம்மா."

"அப்ப நம்பியிருப்பாரு. நீங்க சொன்னா நம்புவாரு."

வாசலில் யாரோ நிழலாடினார்கள். கணவாயில் இருந்து வந்த பெண். கைக்குழந்தை பிழைத்துவிட்டது, அதை முதுகில் கட்டியிருந்தாள். கையைப் பிடித்தபடி சிறுமி. உள்ளே வரத் துணியாமல் நின்று அழுதாள். கூடியிருந்த பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"போர்வைக்குள்ள இருந்தது இதுவா?" என்றாள் மாபுலேங். "கிட்ட வா பாப்பா."

சிறுமி தாயைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போய் நின்றாள். மாபுலேங் அவள் அக்குளில் கைகொடுத்து, உட்கார்ந்தபடியே, எடை பார்ப்பதுபோலத் தரையிலிருந்து தூக்கினாள். கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்தாள். கை துளியும் தாழவில்லை. பிறகு மெதுவாக இறக்கிவிட்டு, செலெபாலோவை நிமிர்ந்து பார்த்தாள்.

"இவ்ளோதானா?" என்று கேட்டாள்.