நாற்பத்தேழாம் படம்

ரோஸியின் வேலையில் யாரும் ஒரு குறை சொல்லிவிட முடியாது. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து வன அலுவலகம் ஒன்றில் தற்காலிக குமாஸ்தா. 1958இல் விமானத்திலிருந்து எடுத்த காட்டுப் படங்கள் அங்கே இரண்டு தகரப் பெட்டி நிறையக் கிடந்தன. ஒவ்வொன்றையும் தூசி துடைத்து, நடுவில் மெல்லிய தாள் வைத்து, எண் போட்டுப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். அவள் கையெழுத்தை ரேஞ்சர் கோதண்டராமன் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டிப் பெருமைப்படுவார்.

1975இல் ஓர் உத்தரவு வந்தது. வடக்குப்பட்டு காட்டோரத்தில் குடியிருப்பவர்களின் இடம், படம் எடுத்த காலத்தில் பொட்டலாக இருந்திருந்தால் பட்டா. காடாக இருந்திருந்தால் காலி செய்ய வேண்டும்.

ரோஸியின் வீடும் அங்கேதான். ஆனாலும் அவள் பயப்படவில்லை. "வெறும் பொட்டல்லதான் குடிசை போட்டேன்" என்று அவள் அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்தத் தைரியத்தில்தான் நாற்பத்தேழாம் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். ஏரி தெரிந்தது. மாதா கோயில் தெரிந்தது. கோயிலுக்குத் தெற்கே, தன் வீடு இருக்க வேண்டிய இடத்தில், கருகருவென்று மரங்கள். மனுஷன் கூசாமல் புளுகியிருக்கிறார்!

சாயங்காலம் படம் அவள் சாப்பாட்டுப் பையில் வீட்டுக்குப் போயிற்று. அங்கிருந்து அடுப்புக்கு.

"இன்னாடி இது, இந்த நாத்தம் நாறுது?" என்றாள் அம்மா அன்னபுஷ்பம்.

"பழைய காயிதம்மா."

"மூஞ்சியெல்லாம் வெளுத்துப் போயி கீது. சோத்தத் துன்னு மொதல்ல."

சோறு இறங்கவில்லை. திருடி என்று பிடித்துக்கொண்டு போனால் அம்மாவை யார் பார்ப்பார்கள்? வாசலில் சைக்கிள் மணி கேட்டபோதெல்லாம் எழுந்து போய் எட்டிப் பார்த்தாள்.

மறுநாள் காலை, பஸ் ஒரகடம் தாண்டும்போதுதான் அவளுக்கு அது உறைத்தது. பறக்கிற விமானம் தரையைத் துண்டு துண்டாக எடுப்பதில்லை. ஒரு படத்தில் பாதிக்குமேல் அடுத்த படத்திலும் விழும்படிதான் எடுக்கும். மாதா கோயில் நாற்பத்தாறிலும் இருக்கும், நாற்பத்தெட்டிலும் இருக்கும். இதை ஊருக்கே சொல்கிற மாதிரி பதிவேட்டில் எழுதி வைத்தவளும் சாட்சாத் இவளேதான். போனதும் அந்த இரண்டையும் எடுத்து ஒளித்துவிட வேண்டும்.

ஆபீசுக்குள் ஓடினாள். ரேஞ்சர் அவளுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். மேஜைமேல் பதிவேடு திறந்திருந்தது.

"நாப்பத்தேழு எங்கம்மா? பெட்டியில காணோம்."

"கரையான் சார்... அரிச்சிடுச்சி. தூக்கிப் போட்டுட்டேன்."

"அய்யய்யோ! என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? போகட்டும். நல்லவேளை நீ எழுதி வெச்சிருக்கே பாரு, 'நாற்பத்தாறு, நாற்பத்தெட்டு காண்க'ன்னு. வேற யாராவதா இருந்தா இப்படி எழுதியிருப்பாங்களா? வா, வந்து பாரு."

இரண்டு படங்களையும் அருகருகே வைத்து, மேலே, இரண்டையும் ஒன்றாக்கி மேடு பள்ளத்தோடு காட்டுகிற இரட்டைக் கண்ணாடியை நிறுத்தியிருந்தார். ரோஸி குனிந்தாள். தட்டையாகக் கிடந்த மரங்கள் ஒவ்வொன்றாக எழுந்து நின்றன. அம்மா அடுப்பு மூட்டுகிற இடத்தில் ஒரு பெரிய மரம் நிழலோடு நின்றது.

"அத்தனையும் காடு. நாளைக்கு அளக்கப் போறோம்," என்றார் ரேஞ்சர். "நீ அந்தப் பக்கத்துப் பொண்ணுதானே? கோயிலுக்குத் தெக்கால யார் யார் குடியிருக்காங்களோ, அத்தனை பேரையும் எழுதிக் குடு. ஒண்ணும் விட்டுடாதே."

ஓடிவிடலாம் போலிருந்தது. ஆனால் இன்னொரு பொய் சொல்லத் தெம்பு இல்லை. பேனாவைத் திறந்து, ஒன்று என்று போட்டு, அன்னபுஷ்பம் என்று எழுதினாள். கையெழுத்து வழக்கம்போல அழகாகத்தான் இருந்தது.