ரெனாட்டாவின் குதிரைகள்

அப்பா வாயைத் திறந்தால் அந்த வண்டிக்கு ஒரு குதிரை கூடிவிடும்.

ரெனாட்டாவுக்கு ஐந்து வயதாக இருந்தபோது அதற்கு இருநூற்று எழுபத்தைந்து குதிரைத்திறன். அது கம்பெனி சொன்ன கணக்கு. ஃபேன், சைலன்சர் என்று எந்தப் பாரமும் மாட்டாமல், எஞ்சினை மட்டும் தனியாக மேடையேற்றி ஓட்டிப் பார்த்த கணக்கு. அந்தக் காலத்தில் எல்லாக் கம்பெனிக்காரனும் அப்படித்தான் அளந்தான், போகட்டும். அவள் பள்ளிக்கூடம் முடிப்பதற்குள் அது முந்நூறு ஆனது. கல்யாணமாகி, அதுவும் முறிந்து, பிறந்த ஊரான சவுத் பெண்டிலேயே சொந்தமாக ஒரு கராஜ் போட்டபோது முந்நூற்று நாற்பது. வண்டி அதே 1957 ஸ்டூடிபேக்கர் கோல்டன் ஹாக்தான். எஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் திணிக்கும் அந்த சூப்பர்சார்ஜரும் அதேதான். ஊரில் எல்லாருக்கும் வயதானால் பலம் குறைகிறது. அப்பா கஸிமிர் கிராபரெக்கின் வண்டிக்கு மட்டும் ஏறிக்கொண்டே போனது.

இதோடு நின்றிருந்தால் அவள் பொறுத்திருப்பாள். வினை அவள் வாங்கிப் போட்ட டைனோவால் வந்தது. தரையில் பதித்த பெரிய உருளைகள் மேல் பின்சக்கரங்களை நிறுத்தி, வண்டியைப் பட்டை போட்டுக் கட்டி, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தால், சக்கரத்துக்கு வந்து சேரும் பலம் எவ்வளவு என்று கணினித் திரை சொல்லிவிடும். ரெனாட்டாவின் டைனோ உள்ளதை உள்ளபடி சொல்லும். ஊரில் அதற்கு வைத்த பெயர் நெஞ்சுவலி மிஷின்.

அப்பாவின் வண்டிக்கு அது கொடுத்தது நூற்றுத் தொண்ணூற்றொன்று.

"உன் மிஷினுக்குக் கண்ணு தெரியலை புள்ள," என்றார் அப்பா.

"கண்ணு தெரியாதது யாருக்குன்னு எனக்குத் தெரியும்ப்பா."

அவர் நேரே பக்கத்து ஊர் மிஷவாக்காவுக்குப் போனார். அங்கே டுவேன் என்று ஒருவன். அவனுடைய டைனோ கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி, கேட்டவனுக்குக் கேட்டபடி பரிமாறும். அப்பாவுக்கு முந்நூற்று முப்பத்தெட்டு கிடைத்தது. அந்தக் காகிதத்தைக் கொண்டுவந்து சமையலறை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினார். ஞாயிற்றுக்கிழமை சாப்பிடப் போகும்போதெல்லாம் பால் எடுக்கக் கதவைத் திறந்தால் டுவேன் அவள் முகத்தில் அறைந்தான். பெற்ற அப்பாவே அங்கே போனால் மற்றவன் போகமாட்டானா? போனார்கள். ஒவ்வொருவராக.

மிச்சமிருந்தது பழைய கார் கிளப்பின் வருடாந்திர டைனோ நாள் ஒன்றுதான். அதற்கு வருகிறவர்கள்தான் வருடம் முழுக்க அவளிடம் வேலைக்கு வண்டி விடுவார்கள். அதுவும் போனால் கதவைச் சாத்திவிட்டு டுவேனிடமே வேலை கேட்க வேண்டியதுதான்.

ஈஸ்டருக்கு மறுநாள் ஊரே கொண்டாடும் டிங்கஸ் திங்களுக்கு அடுத்த சனிக்கிழமை. பண்டிகையில் மிஞ்சிய கில்பாசா சாசேஜை ஒருவன் வாசலில் வாட்டிக்கொண்டிருந்தான். வாசல் ஓரத்தில் அழுக்குப் பனி இன்னும் குவியலாகக் கிடந்தது. கிளப் தலைவர் ஏர்ல் ஹாஸ்டெட்லரின் ஷெவெல் கார் உருளையைவிட்டு இறங்கியபோது அவர் முகம் இழவு வீடு மாதிரி இருந்தது.

"இருநூத்தி அறுபத்திரண்டா? ஏம்மா, டுவேன் கிட்ட நானூறு தாண்டுச்சே!"

"அப்போ அங்கேயே ஓட்டுங்க. அங்க ரோடே தேவையில்ல, காகிதத்துலயே ஓடும்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஏர்ல் காபி கோப்பையைக் கீழே வைத்தார்.

"கோவிச்சுக்காத ரெனி. காலையிலேருந்து பன்னெண்டு வண்டி, பன்னெண்டு பேரும் அழுதாச்சு. அடுத்த வருஷம் மிஷவாக்கா போலாம்னு பசங்க சொல்றாங்க. நான் என்ன பண்ண?"

அப்போதுதான் அப்பா வந்தார், எப்போதும் போலக் கடைசியாக. தங்க நிற ஹாக் சூப்பர்சார்ஜர் விசிலோடு உள்ளே நுழைந்தது.

"என்ன காஸ், குதிரைக்குக் கொள்ளு வெச்சியா?" என்று ஒருவன் கத்தினான்.

"வெச்சேன், உனக்கும் கொஞ்சம் மிச்சம் இருக்கு," என்றார் அப்பா. பிறகு மகளிடம் குனிந்து, "மிஷினைத் துடைச்சியா? ஒழுங்கா முந்நூத்தி நாப்பதைக் காட்டச் சொல்லு," என்றார்.

ரெனாட்டாவுக்கு அலுத்துவிட்டது. இந்த மனிதரோடும், இந்த ஊரோடும், ஒரு எண்ணுக்காக மூஞ்சியைத் தூக்கும் இந்தக் கிழட்டுக் குழந்தைகளோடும் மல்லுக்கட்டி அலுத்துவிட்டது. முந்நூற்று நாற்பதுதானே? இந்தா, வைத்துக்கொள்.

சூடான நாளிலும், காற்று மெலிந்த மலையிலும் எஞ்சின் பலம் குறையும். அதை ஈடுகட்டக் கணினி தானாகவே கொஞ்சம் கூட்டிக்கொடுக்கும். அன்றைய வெப்பம், காற்றழுத்தம் எல்லாவற்றையும் கையாலும் மாற்றலாம். டுவேனின் வித்தையே அதுதான். நூற்றிருபது டிகிரி வெயில் என்று தட்டினாள். பன்னிரண்டாயிரம் அடி மலை என்று தட்டினாள். தலையைத் தூக்காமலே, "மிதிங்கப்பா!" என்றாள்.

அப்பா மிதித்தார். தகரக் கூரை அதிர்ந்தது. விசில் ஏறி ஏறி உச்சிக்குப் போய் இறங்கியது. திரையில் முந்நூற்று நாற்பத்தொன்று.

கராஜே கைதட்டியது. ஏர்ல் அவள் முதுகில் தட்டி, "இப்பதாம்மா உன் மிஷினுக்கு மனசு வந்திருக்கு. அடுத்த வருஷமும் இங்கதான், என்ன?" என்றார்.

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. இறங்கி வந்து மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையை மேலிருந்து கீழாகப் படித்தார். பிறகு தன் கம்பளிக் கோட்டைப் பார்த்தார். வாசலில் கிடந்த பனியைப் பார்த்தார்.

"நூத்தியிருபது டிகிரியா?"

அவள் கீபோர்டைத் தள்ளிவைத்தாள்.

"பன்னெண்டாயிரம் அடியா? சவுத் பெண்டு எப்போ புள்ள மலையேறுச்சு?"

"நீங்க கேட்டது வந்துடுச்சுல்ல? எடுத்துட்டுப் போய் ஃப்ரிட்ஜ்ல ஒட்டுங்க!" அவள் குரல் உடைந்தது. "வருஷக்கணக்கா இதைத்தானே கேட்டீங்க? என் மிஷின் குருடுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறீங்க. சாப்பாடு போச்சுப்பா எனக்கு!"

"ஊரெல்லாமா?" அப்பாவின் முகம் சிவந்தது. "நான் ஊர்ல என்ன சொல்றேன்னு உனக்குத் தெரியுமா?"

ஏர்ல் தொண்டையைச் செருமினார். "அது உன்கிட்ட சொல்றதும்மா. எங்ககிட்ட வேற சொல்வாரு. 'டுவேன் தர்றது வெறும் ஐஸு. என் பொண்ணு மிஷின் இருக்கே, அது பெத்த அப்பனுக்கே பொய் சொல்லாது'ம்பாரு. கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு."

ரெனாட்டா அப்பாவைப் பார்த்தாள். அவர் திரையையே முறைத்துக்கொண்டிருந்தார்.

"அழி அதை," என்றார். "அழிச்சிட்டு ஒழுங்கா ஓட்டு."

அழித்தாள். அன்றைய குளிரையே மறுபடி உள்ளிட்டாள். அப்பா ஏறி உட்கார்ந்து மிதித்தார். அதே விசில், அதே அதிர்வு. நூற்று எண்பத்தெட்டு. போன தடவையைவிட மூன்று குதிரை குறைவு.

அப்பா இறங்கி, கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தினார்.

"நூத்தி எண்பத்தெட்டு! கேட்டுக்கங்கடா. ரெனாட்டா மிஷின்ல நூத்தி எண்பத்தெட்டு. டுவேன் குதிரைல பாதி கழுதை. இது ஒவ்வொண்ணும் முழுக் குதிரை."

ஏர்ல் தன் ஷெவெலைத் திரும்பிப் பார்த்தார். கொஞ்சம் யோசித்தார்.

"அப்போ காஸ், என்னோட இருநூத்தி அறுபத்திரண்டும்?"

"அத்தனையும் முழுக் குதிரைதான்."

ஏர்லின் முகம் தெளிந்தது. "அடுத்த வருஷமும் இங்கயே இருக்கட்டும்," என்றார் பொதுவாக. "காபிய மட்டும் மாத்தும்மா. வாயில வைக்க முடியல."

அவள் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் பட்டைகளைச் சுருட்டினாள். அப்பா அதற்குள் வாசலுக்குப் போய்விட்டார். சாசேஜ் வாட்டிக்கொண்டிருந்தவன், எவ்வளவு வந்தது என்று கேட்டது அவள் காதில் விழுந்தது.

"ஒரு இருநூறுன்னு வெச்சுக்கோயேன்," என்றார் அப்பா.

"நூத்தி எண்பத்தெட்டு!" என்று உள்ளேயிருந்து கத்தினாள் ரெனாட்டா.

"பாத்தியா?" அப்பாவின் குரல் அவளுக்குத் தெளிவாகக் கேட்டது. "பெத்த அப்பனுக்கே!"