பிரைமருக்கு அடியில்

என் தங்கையைக் கட்டியவன் சுவருக்கு வண்ணம் அடிப்பவன். நான் கொத்தனார். நான் பூசி முடித்த சுவரில் அவன் வெள்ளை மாவைக் குழைத்துப் பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, வண்ணம் ஏற்றுவான். ஆனால் பட்டிக்கு முன்னால், வெறும் பூச்சின் மேல் கரித்துண்டால் ஒரு படம் வரைவான். அன்றைக்கே அதை மூடியும் விடுவான். வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது. ஒரு வீட்டில் மீன் வரைந்து மூடினான். மூன்று மாதம் கழித்தும் அந்த வீட்டுப் பூனை சுவரை விட்டு நகரவில்லை. நம்பாவிட்டால் பூனையைக் கேளுங்கள்.

ஒருநாள் சாப்பாட்டு வேளையில் பீற்றிக்கொண்டான்.

"நான் எனக்காக வரையறேன் மச்சான். எவன் பாத்தா என்ன, பாக்காட்டி என்ன?"

"அப்ப நான் டீ குடிச்சிட்டு வர்ற வரைக்கும் ஏன் மாப்பிளே பட்டியைக் குழைக்காம உக்காந்திருக்கே?"

முகம் சுண்டிப்போய்விட்டது. "உங்க கண்ணு பட்டாத்தான் என் கைக்கு உயிர் வருதாக்கும்? போங்க, போய்க் கலவையைக் கிண்டுங்க."

சரி என்றேன். அடுத்து வேலைக்குப் போன வீட்டில் அவன் வரைந்த அறைக்குள் போகும்போதெல்லாம் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். சாரத்தில் இரண்டு முறை முட்டி நெற்றி புடைத்தது; கண்ணைத் திறக்கவில்லை. அவனும் படத்தை மூடாமல் வைத்திருந்தான். ஒன்பது நாள். இருமுவான், வாளியை உதைப்பான். வேலை நகரவில்லை என்று வீட்டுக்காரர் கத்தத் தொடங்கினார். சாப்பாடு கொண்டுவந்த தங்கை அறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.

"அண்ணே, உன்னைத்தான் வரைஞ்சு வெச்சிருக்காரு. அச்சு அசலா..." வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அச்சு அசலா என்னடி?"

"நீதான் பாக்க மாட்டியே."

மறுநாள் விடிந்ததும் மானத்தை வீட்டில் வைத்துவிட்டு ஓடினேன். அறை முழுக்கப் பட்டி, அதற்கு மேல் பிரைமர். மாப்பிள்ளை வாசலில் கை கழுவிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் வாளியைத் தூக்கிக்கொண்டு போனான். அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது.

அந்த வீட்டையே வாடகைக்குப் பிடித்தேன். பதினொரு வருஷம் ஆகிறது. பட்டித் தகட்டால் வாரம் ஒரு கட்டைவிரல் அகலம் சுரண்டுகிறேன். வேகம் காட்டினால் படமும் சேர்ந்து வந்துவிடும். வீட்டுக்காரரிடம் சுவரில் ஈரம் ஏறுகிறது என்று சொல்லியிருக்கிறேன். அவசரப்பட்ட இடங்களில் சுவர் மெலிந்துபோய், பக்கத்து வீட்டுக்காரர் தும்மினால் என் சட்டை படபடக்கிறது. போன மாதம்தான் ஒரு காது கிடைத்தது. என் காதா, கழுதைக் காதா என்று இன்னும் தீர்மானிக்க முடியவில்லை.

தங்கை சொல்லிக் கேள்விப்பட்டு மாப்பிள்ளை வந்தான். நாற்காலியை இழுத்துப் போட்டு, கால் மேல் கால் போட்டான்.

"இது யாரோட காது?" என்றேன்.

"பாக்கியும் வரட்டும், தெரியும். சுரண்டுங்க."

"நீ எதுக்கு இங்க?"

"வேடிக்கை பாக்க. என்னமா இழைக்கிறீங்க மச்சான்! காது நுனி கலையாம வந்திருக்கே."

"என் வேலையை எவனும் பாக்க வேண்டாம். எந்திரிச்சுப் போ."

போய்விட்டான். அடுத்த இரண்டு நாளும் தகடு வழுக்கியது. காது மடலில் பாதி போயிற்று.

மூன்றாம் நாள் அந்த நாற்காலியைச் சுவருக்கு நேராகத் திருப்பிப் போட்டேன். தெருக்கதவைத் திறந்து வைத்திருக்கிறேன். காற்று வரட்டும் என்றுதான்.