களிக்குள் ஒரு பேரீச்சங்கொட்டை

இன்னாயர் பண்டிகையை ராத்திரியில்தான் வைக்க வேண்டும். எங்கள் வருஷம் பிறப்பது ராத்திரியில். ஆனால் குடைமிளகாய் பறிக்கிற மாசத்தில் எங்களுக்கு ராத்திரி என்று ஒன்று கிடையாது. சாப்பிட்டு முடிப்பதற்குள் தலை தட்டிலேயே சாய்ந்துவிடும். அதனால் அந்தத் தடவை ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வைத்துக்கொண்டோம். நாளும் தப்பு, நேரமும் தப்பு. நம் ஊரிலிருந்து வரும் வழியில் கடல் இருக்கிறது, வருஷம் நீந்தி ஸ்பெயினுக்கு வந்து சேர நாலு நாள் ஆகத்தானே செய்யும் என்றான் பூஜ்மா.

நாங்கள் நான்கு பேர். அல்மேரியாவுக்குக் கிழக்கே, குடைமிளகாய் விளைகிற பிளாஸ்டிக் கூடாரங்களுக்கு நடுவில், யாரோ விட்டுவிட்டுப் போன பழைய பண்ணை வீட்டில் இருந்தோம். மேஸ்திரி பாஹா என் பெரியப்பா மகன், எனக்கு மூத்தவர். அவர் ஒருவரிடம்தான் இந்த ஊர்க் குடியிருப்புக் காகிதம் இருந்தது. பூஜ்மா போன வருஷம் வந்தவன். வாயைத் தவிர அவனிடம் வேறு எதுவும் இல்லை. பாக்கி இரண்டு பேர் பிஹி என்கிற நானும் ஹம்முவும். எங்களுக்கும் காகிதம் இல்லை. ஆனால் கேட்கிற அளவுக்கு வருஷம் ஆகியிருந்தது. ஒரு முதலாளி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் கிடைத்துவிடும்.

காகிதம் இல்லாதவன் ஊருக்குப் போகலாம், யாரும் தடுக்கமாட்டார்கள். திரும்பி வரத்தான் முடியாது. நான் ஒன்பது வருஷமாகப் போகவில்லை. கைக்குழந்தையாக விட்டுவிட்டு வந்த மகள் இப்போது போனில் என்னிடம் “நல்லா இருக்கீங்களா, உடம்பை பார்த்துக்கங்க” என்கிறாள். பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுகிற மரியாதை. ஒரே ஒரு தடவை போய் அவள் முன்னால் உட்கார்ந்துவிட்டு வரவேண்டும், எனக்கு வேறு ஆசை இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தபோது முதலாளி பாஹா அண்ணனைக் கூப்பிட்டு, இந்த வருஷம் ஒரு ஆளுக்குத்தான் கையெழுத்துப் போடமுடியும் என்றாராம். யாருக்கு என்று அண்ணன் கேட்டிருக்கிறார். உங்கள் ஆட்களை எனக்கு அடையாளம் தெரியாது, நீயே ஒருத்தனைச் சுத்தமான சட்டை போட்டு திங்கட்கிழமை கூட்டிக்கொண்டு வா என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிவிட்டார். அத்தனை வருஷம் அவருக்குப் பறித்துப் போட்டிருக்கிறோம். எங்கள் முகம் அவருக்கு ஒரே முகம்.

சனிக்கிழமை முழுக்க அண்ணன் யார் முகத்தையும் பார்க்கவில்லை. நான் தம்பி முறை. என் பேரைச் சொன்னால் சொந்தக்காரனுக்குச் செய்தான் என்பார்கள். ஹம்மு பேரைச் சொன்னால் ஊரில் என் வீட்டார் முன்னால் அவரால் நடக்க முடியாது. சாயங்காலம் கைகால் கழுவும்போதுதான் வாயைத் திறந்தார்.

“நாளைக்குக் களி கிண்டுறோம். கொட்டை சொல்லட்டும்.”

எங்கள் பக்கத்தில் இன்னாயருக்குப் பார்லிக் களி கிண்டி, பெரிய தாம்பாளத்தில் கொட்டி, நடுவில் குழி பண்ணி ஆர்கான் எண்ணெய் ஊற்றுவார்கள். களிக்குள் ஒரு பேரீச்சங்கொட்டை கிடக்கும். எல்லாரும் ஒரே தாம்பாளத்தைச் சுற்றி உட்கார்ந்து, அவரவர் முன்னால் இருப்பதைத் தின்ன வேண்டும், அடுத்தவன் பக்கம் கை போகக்கூடாது. யார் வாயில் கொட்டை சிக்குகிறதோ அந்த வருஷ அதிர்ஷ்டம் அவருக்கு. வீட்டுத் தானிய அறைச் சாவியை அவர் கையில் கொடுத்துவிடுவார்கள். யாருக்கு எவ்வளவு அளப்பது என்று அந்த வருஷம் அவர்தான் சொல்வார்.

ஹம்முவும் நானும் சரி என்று தலையாட்டினோம். வேறு வழி இருந்தால் யோசித்திருப்போம். அன்றைக்கு யோசிக்கிற தெம்பு யாருக்கும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமையும் காலையில் பறிக்கக் கூப்பிட்டார்கள். உச்சிவெயில் வரை கூடாரத்துக்குள் வெந்துவிட்டு வந்துதான் அடுப்புப் பற்றவைத்தேன். களி கிண்டுவது என் வேலை, அது எப்போதும் என் வேலைதான். பார்லி நொய்யைத் தூவித் தூவிக் கிண்டும்போது தோள்பட்டை கழன்று விழுகிற மாதிரி இருந்தது. வாளி தூக்குகிற தோளும் துடுப்புப் பிடிக்கிற தோளும் ஒன்றுதானே. எண்ணெய் போன கோடையில் ஊரிலிருந்து சோடா பாட்டிலில் வந்தது. அடியில் கொஞ்சம்தான் இருந்தது. பாட்டிலைக் கவிழ்த்து வெயிலில் வைத்துச் சொட்டுச் சொட்டாக இறக்கினோம்.

கிண்டியவன் கொட்டை போடக்கூடாது என்று பூஜ்மா சட்டம் பேசினான். என்னை வெளியே அனுப்பினார்கள். ஹம்முவும் என்னோடு வந்தான். இரண்டு பேரும் சுவரில் சாய்ந்து நின்றோம். எதிரே கூடாரங்கள் வெள்ளை வெள்ளையாகக் கடல் வரைக்கும் கிடந்தன. அவன் பேசி ரொம்ப நாள் ஆகியிருந்தது. மழைக்கு முன்னால் ஒரு நாள் நான் மேட்டுக் குளத்துக்குத் தண்ணீர் திறக்கப் போனபோது, குளத்து விளிம்பில் செருப்பைக் கழற்றி ஒழுங்காக ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான். அந்தக் குளத்துச் சரிவெல்லாம் பிளாஸ்டிக் விரித்தது. விழுந்தவன் பிடித்து ஏற எதுவும் இல்லை. என்னடா என்றேன். புழுக்கமாக இருந்தது அண்ணே என்றான். அன்றைக்குக் குளிர்காற்று அடித்துக்கொண்டிருந்தது. கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்தேன். பாஹா அண்ணனிடம் மட்டும் சொன்னேன்.

உள்ளே கூப்பிட்டார்கள். அண்ணன் கொட்டையைப் போட, பூஜ்மா கண்ணை மூடிக்கொண்டு கிளறி, தாம்பாளத்தையும் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டிருந்தான். உட்கார்ந்தோம். பிஸ்மில்லா சொல்லிக் கைவைத்தோம்.

பண்டிகைச் சோற்றை அப்படி ஒருவரும் தின்றிருக்கமாட்டார்கள். ஒவ்வொரு உருண்டையையும் நாக்கால் துழாவித் துழாவி இறக்கினேன். எண்ணெயின் ருசி தெரியவில்லை, ஹம்முவின் தாடைதான் தெரிந்தது. அவன் மெல்லுவது நின்றால் என் நெஞ்சு நிற்கும். அவனும் என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். பூஜ்மா, ரெண்டு பேரும் கல்யாணம் பேசுறவங்க மாதிரி பார்த்துக்கிறீங்களே, பொண்ணு யாருன்னு சொல்லிட்டுத் தின்னுங்க என்றான். யாரும் சிரிக்கவில்லை. அவனும் களைத்துப்போய் இருந்தான், பாதியில் கண் சொக்கி, கை களியிலேயே நின்றுவிட்டது.

அப்போதுதான் எனக்கு அந்தச் சத்தம் கேட்டது. பாஹா அண்ணனுக்கு ஒரு பல் வெள்ளிக்கட்டுப் போட்டது. அதில் ஏதோ தட்டுகிற மாதிரி சின்னதாக ஒரு சத்தம். அவர் மெல்லுவதை நிறுத்தினார். பிறகு ஒன்றும் நடக்காதது போலத் தின்றுகொண்டே இருந்தார், ஒரு பக்கக் கடைவாயால் மட்டும்.

இப்போது நினைத்தாலும் எனக்கு விசித்திரமாக இருக்கிறது. நாங்கள் தாம்பாளத்தைச் சுற்றி நான்கு பேர் உட்கார்ந்திருந்தோம். கொட்டை எங்கள் இரண்டு பேரில் ஒருவனுக்குத்தான் வரும் என்று நான்கு பேருமே நினைத்துவிட்டோம். நானும் ஹம்முவும் ஒருவனை ஒருவன் பார்த்தோம், தாம்பாளத்தின் மற்ற பாதியை மறந்துவிட்டோம்.

தாம்பாளம் காலியானது. வழித்தும் பார்த்தாயிற்று. கொட்டை இல்லை.

பூஜ்மாவுக்குத் தூக்கம் தெளிந்துவிட்டது. பசியில் எவனோ முழுங்கிவிட்டான், நாளைக் காலையில் நாம் ஒதுங்குகிற கள்ளிச்செடிப் பக்கம் போய் வரிசையாகத் தேட வேண்டியதுதான், மேஸ்திரி நின்று மேற்பார்வை பார்க்கட்டும் என்றான். அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டே, பேசாமல் இன்னொரு பேரீச்சம்பழத்தைப் பிரித்து வேறு கொட்டை எடு, இருக்கிற மாவில் கொஞ்சம் கிண்டி இவர்கள் இரண்டு பேர் மட்டும் தின்னட்டும் என்றார். கன்னத்தில் ஒதுக்கிவைத்துக்கொண்டு பேசியதில் வார்த்தை குழறியது.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இன்னொரு களி, இன்னொரு கொட்டை, ஆளுக்குப் பாதி வாய்ப்பு. ஆனால் எனக்குள் வேறு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. கொட்டை அண்ணன் வாயில் இருக்கிறது. சாவி அவருக்கு. அளந்து கொடுக்கிறவர் அவர். அவர் என் பெரியப்பா மகன். சின்ன வயசில் ஒரே போர்வைக்குள் தூங்கியவர்கள். அவர் தானாகச் சொன்னால்தான் பழி, கொட்டை சொல்லச்சொன்னால் பழி ஏது?

“அண்ணே, வாயில இருக்கிறதை வெளிய எடுங்க” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். உழைத்துக் களைத்த முகம் எல்லாருக்கும்தான் உண்டு. அது வேறு மாதிரி முகம். இறக்கிவைத்த மூட்டையை மறுபடியும் தோளில் ஏற்றிவிட்டாயே என்கிற முகம். உள்ளங்கையில் துப்பினார். கொட்டை சுத்தமாக, ஈரமாக மின்னியது. ஹம்மு ஒரு தரம் கொட்டையைப் பார்த்தான், ஒரு தரம் என்னைப் பார்த்தான், பிறகு எழுந்து கதவுப் பக்கம் போய் செருப்பை மாட்டப் போனான். அவனும் என் கணக்கைத்தான் போட்டிருந்தான்.

“உட்காருடா” என்றார் அண்ணன்.

அவன் நின்றான். உட்காரவில்லை.

அண்ணன் ரொம்ப நேரம் கொட்டையை விரலில் உருட்டிக்கொண்டிருந்தார். வெளியே எங்கேயோ கிழிந்த பிளாஸ்டிக் காற்றில் அடித்துக்கொண்டிருந்தது.

“நாளைக்கு ஹம்மு என்கூட வரட்டும்.”

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

“ஏண்ணே?” என்றேன்.

“நீ தாங்குவ பிஹி.” அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார். “அவன் தாங்கமாட்டான். நீதானே வந்து சொன்ன.”

தாங்குகிறவன் என்று பேர் எடுப்பது எவ்வளவு கெட்ட காரியம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். வலிக்கிறது என்று ஒரு நாளாவது படுத்திருக்க வேண்டும். வெயிலில் ஒரு தடவையாவது விழுந்திருக்க வேண்டும். சுமக்கிற கழுதையின் மேல்தான் இன்னொரு மூட்டை வைப்பார்கள். அவரைத் திட்ட ஒரு வார்த்தை தேடினேன். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை, அதனால் கிடைக்கவில்லை. ஹம்மு செருப்பை ஒரு காலில் மாட்டியபடி அழுதுகொண்டிருந்தான். சந்தோஷமா, வெட்கமா, நான் கேட்கவில்லை.

அண்ணன் கழுத்துக் கயிற்றிலிருந்து சாவியைக் கழற்றினார். தானிய அறைக்கு எங்கே போவது, சமையலறையில் மாவு, எண்ணெய், தேயிலை, சர்க்கரை வைக்கிற இரும்புப் பெட்டியின் சாவி அது. எலிக்காகப் பூட்டிவைப்போம். யாரிடம் அது இருக்கிறதோ அவன்தான் எல்லாருக்கும் முன்னால் எழுந்து டீ போட வேண்டும். அவர் அதை என் முன்னால் வைத்தார். இந்த வருஷம் உங்கிட்ட இருக்கட்டும் என்றார். பூஜ்மா மெல்ல, அப்பாடா பிஹி அண்ணனுக்கும் அதிர்ஷ்டம் அடிச்சிருச்சு, இனிமே விடியுறதுக்கு முன்னாடியே முழிச்சுக்கலாம் என்றான். இந்தத் தடவை ஹம்மு சிரித்துவிட்டான், அழுகையோடு. நான் சிரிக்கவில்லை. தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினேன். களி ஒட்டினால் லேசில் போகாது. சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

போன் பண்ணி வீட்டில் சொல்லவில்லை. கிடைக்கும் என்று சொல்லியிருந்தால்தானே கிடைக்கவில்லை என்று சொல்ல வேண்டும்.

திங்கட்கிழமை இருட்டோடு எழுந்தேன். இடுப்பு நிமிரக் கொஞ்சம் நேரம் ஆனது. பெட்டியைத் திறந்து தேயிலை எடுத்தேன், புதினாவைக் கிள்ளிப் போட்டேன். எங்கள் டீயில் சர்க்கரையைக் கெட்டிலிலேயே போட்டுவிடுவோம், அதுவும் கைநிறைய. பாகு மாதிரி இருந்தால்தான் எங்கள் ஆட்களுக்கு அது டீ. சர்க்கரைக் கட்டியைக் கையில் எடுத்தேன். கொஞ்ச நேரம் பார்த்தேன். திரும்பப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன்.

மூன்று பேரும் வந்து உட்கார்ந்தார்கள். ஹம்மு பூஜ்மாவின் வெள்ளைச் சட்டையைப் போட்டிருந்தான், கை குட்டை. டீயை உயரத் தூக்கி நுரை வர ஊற்றிக் கொடுத்தேன். முதல் மடக்கில் பூஜ்மாவின் முகம் கோணியது. வாயைத் திறந்தவன் அண்ணனைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். அண்ணன் கசப்பை வெந்நீர் மாதிரி குடித்து முடித்து, டம்ளரை மறுபடி நீட்டினார். ஊற்றினேன். அதையும் குடித்தார்.

ஹம்முதான் கடைசியாக முடித்தான். டம்ளரின் அடியில் புதினா இலை மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

“டீ நல்லா இருந்துச்சு அண்ணே” என்றான்.

அவர்கள் இரண்டு பேரும் மெயின் ரோட்டுப் பக்கம் நடந்தார்கள். நானும் பூஜ்மாவும் வாளிகளை எடுத்துக்கொண்டு கூடாரத்துக்குப் போனோம். அண்ணன் திரும்பி வரும்வரை அவருடைய வரிசையையும் நான்தான் பறித்தேன்.