பாறையோடு பேரம்

விமலநாதன் வாழ்க்கையில் எந்தப் பொருளையும் சொன்ன விலைக்கு வாங்கியதில்லை. மொன்றியல் நகரத்தின் கோட்-டெ-நெய்ஜில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். பல்லுப் பிடுங்கப் போன இடத்தில் இரண்டாகப் பிடுங்கினால் எவ்வளவு குறைப்பாய் என்று கேட்டாராம் என்று ஒரு கதை உலாவுகிறது. அது சுத்தப் பொய். மூன்று பல்லுக்குத்தான் கேட்டார்.

அப்பேர்ப்பட்டவர் மகன் பிருந்தனின் கலியாணத்துக்கு பஸ் பிடிக்கப் போனார். பிருந்தன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான், மலைப்பாதைக்குச் சின்ன பஸ்தான் வேணும் என்று. போனவர் பேசிய பேச்சில், சின்ன பஸ்ஸின் விலைக்கே இருக்கிறதில் பெரியதைக் கொடுத்துவிட்டார்கள். ஒரே விலைக்குப் பெரியது கிடைக்கும்போது சின்னதை எடுப்பவனைக் கடைத்தெருவில் என்னவென்று சொல்வார்கள்?

கலியாணம் எல்லைக்கு அப்பால், அமெரிக்கப் பக்கத்தில் வெர்மொன்ட் மலையடிவாரத்தில். அங்கே ஸ்மக்ளர்ஸ் நொட்ச், அதாவது கடத்தல்காரர் கணவாய், என்று ஒன்று இருக்கிறது. பனி கொட்டும் மாரிக்காலத்தில் அந்தப் பாதையை மூடிவிடுவார்கள். பாறைச் சுவர்களில் வழியும் தண்ணீர் அப்படியே கண்ணாடித் திரைபோல உறைந்து தொங்கும். அதில் கோடரியைக் கொத்திக் கொத்தி ஏறுவது ஒரு விளையாட்டு. பிருந்தனும் நிரோஜாவும் முதலில் சந்தித்ததே அப்படி ஒரு பனிச்சுவரில், ஒரே கயிற்றில். ஆகவே அந்த மலையின் காலடியில்தான் தாலி என்று இருவரும் ஒற்றைக்காலில் நின்றார்கள்.

நிரோஜாவின் தகப்பன் குணநாயகம் மொன்றியலின் மறுகோடி ரொக்ஸ்பரோக்காரர், புடவை வியாபாரி. பகல் விருந்து பெண்வீட்டுச் செலவு என்பதால், மாப்பிள்ளை பக்கத்து ஆட்களை ஒவ்வொருவராகக் கழித்துக் கழித்து ஒரு பஸ் அளவுக்குக் கொண்டுவந்தார். முடிவில், “பஸ்ஸையும் நானே ஒழுங்குபண்ணட்டோ சம்பந்தி?” என்று இனிக்கக் கேட்டார். அந்த இனிப்பு விமலநாதனின் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. தாலியோடும் கூறைச் சேலையோடும் மாப்பிள்ளையை முகூர்த்தத்துக்குள் கொண்டுபோய் இறக்கிக் காட்டுகிறேன் பார் என்று மனதுக்குள் சபதம் போட்டார்.

சனிக்கிழமை காலை பஸ் தெருவில் நின்றது. ஆட்கள் பட்டும் பவுணுமாக ஏறி முடிக்கவும் ராகுகாலம் தொடங்கவும் சரியாக இருந்தது. தாலி வைத்த தட்டை மடியில் வைத்திருந்த மனைவி சிவநேசம், ராகுகாலத்தில் பஸ்ஸின் சில்லு உருளக்கூடாது என்றுவிட்டாள். ராகுகாலம் முடியும்வரை உருளவில்லை. எல்லை தாண்டி மலையடிக்கு வந்தபோது முகூர்த்தம் முடிய அவ்வளவு நேரமில்லை. கலியாண மண்டபம் மலைக்கு அந்தப் பக்கம்; மலையைச் சுற்றிப் போனால் தாலி கட்டுகிற நேரம் தப்பிவிடும். கணவாயால் போனால் குறுக்குவழி. ஆனால் பெரிய வாகனங்கள் போகக்கூடாது என்று நீளம் போட்டு அறிவிப்புப் பலகை நின்றது.

சாரதி டெனிஸ்டன் பஸ்ஸை நிறுத்தினான்.

“அண்ணை, போர்டில போட்டிருக்கிறதை விட எங்கட பஸ் நீளம்.”

“தம்பி, கடையில எழுதிற விலை மாதிரித்தான் இதுவும். கொஞ்சம் இறங்கி வரத்தான் வைச்சு எழுதியிருப்பாங்கள். நீ எடு.”

பிருந்தன் தலைப்பாகையோடு எழும்பி வேண்டாம் என்று தடுத்தான். பிறகு மணிக்கூட்டைப் பார்த்தான். பார்த்துவிட்டு இருந்துவிட்டான்.

பஸ் ஏறியது. இருபக்கமும் பாறைச் சுவர் வானத்தை நெருக்கிக்கொண்டு வந்தது. உறைபனி ஆறுகள் உளி போலச் செதுக்கிய வாய்க்கால் இது என்றும், வீடு அளவுக்குக் கிடக்கிற கற்கள் எல்லாம் மேலேயிருந்து உருண்டவை என்றும் பிருந்தன் சொன்னான். ஆட்கள் யன்னலோடு ஒட்டிக்கொண்டார்கள். மேளக்காரர்கூட வெத்திலை மெல்ல மறந்தார். முன்னொரு காலத்தில் அமெரிக்க அரசு கனடாப் பக்கத்தோடு வியாபாரமே கூடாதென்று தடைபோட, சனங்கள் மாடுகளை இந்தக் கணவாயால் ஓட்டிவந்து மொன்றியலில் விற்றார்களாம். நூறு வருசம் கழித்து அங்கே சாராயத்துக்குத் தடை வர, அதே வழியால் சாராயம் தெற்கே இறங்கியதாம். விமலநாதனுக்கு மெய் சிலிர்த்தது. வாங்க ஆளிருந்தால் மலையும் வழிவிடும் என்று கண்டுபிடித்தவர்கள் அல்லவா, கும்பிட வேண்டிய மனிதர்கள்.

அடுத்த வளைவில் மலை வழிவிடவில்லை. இரண்டு பாறைகளுக்கு நடுவே பஸ்ஸின் மூக்கு நுழைந்தது, வயிறு நுழைந்தது, பின்பக்கம் கிறீச்சிட்டு இறுகியது. முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. பாறை ஒரு அங்குலம்கூட இறங்கி வரவில்லை.

டெனிஸ்டன் எஞ்சினை நிறுத்திவிட்டு, போர்டு நின்ற திசையைத் திரும்பிப் பார்த்தான். அதுதான் கூடச் சுட்டது. சிவநேசம் தட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ராகுகாலத்துக்குப் பயந்து கல்லுக்குள் மாட்டினோமே என்று முணுமுணுத்தாள். விமலநாதனுக்குக் கண்முன்னே குணநாயகத்தின் இனித்த முகம் வந்து நின்றது. அதற்குப் பக்கத்தில் மணவறையில் தனியே இருக்கிற நிரோஜாவின் முகமும் வந்தது. அதுதான் அவரைக் கதவைத் திறக்க வைத்தது.

எதிரே, அந்தப் பக்கத்திலிருந்து வந்த கார்கள் வரிசையாக நின்றன. மலையேறுபவர்கள், நடைக்கு வந்தவர்கள், நாயோடு வந்தவர்கள். எல்லார் முகத்திலும் எரிச்சல். விமலநாதன் அந்த வரிசையைப் பார்த்தார். சரக்கைப் பார்க்கிற கண்ணால் இன்னொரு தடவை பார்த்தார். பஸ் அடைத்த வழியால் இவர்கள் இனி இந்தப் பக்கம் வரப்போவதில்லை. திரும்பத்தான் வேண்டும். திரும்புகிற கார்களில் இடம் சும்மா கிடக்கிறது. போகிற திசையோ கலியாண மண்டபம்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் வாகனத்துக்கு ஓடினார். தோளில் கயிற்றுச் சுருளோடு ஒரு பெண் இறங்கி நின்றாள். எங்களை ஏற்றிக்கொண்டு போ, ஓட்டுகிறவருக்கு ஒரு கலியாணச் சாப்பாடு என்று தனக்குத் தெரிந்த இங்கிலிசில் விலை வைத்தார். ஓட்டுகிறவருக்கு மட்டும் போதாது, காரில் வந்த எல்லாருக்கும் வேண்டும் என்றாள் அவள்.

எதிர்விலை சொல்ல விமலநாதனின் வாய் தானாகத் திறந்தது. பிருந்தன் அவரையே பார்த்துக்கொண்டு நின்றான். திறந்த வாய்,

“ஓம்,” என்றது. “எல்லாருக்கும்.”

கேட்ட விலைக்கே கொடுத்துவிட்டார். ஆனால் கால்கள் இருபது வயதுக்குத் திரும்பியிருந்தன. காருக்குக் காராக ஓடினார், கையைப் பிடித்துக் குலுக்கினார், மாமிமாரை நாய்களுக்குப் பக்கத்தில் ஏற்றினார். மாப்பிள்ளை கயிற்றுக்காரியின் பின்பக்கம் திறந்த பிக்கப் வண்டியில் ஏறினான். தாலித்தட்டோடு சிவநேசமும், தவிலும் நாதசுரமும், கடைசியாக விமலநாதனும் பின்னால். வாகனங்கள் திரும்பி இறங்கத் தொடங்க, மேளக்காரர் ஒரு தட்டுத் தட்டினார். பாறைச் சுவர் அதை வாங்கி இரண்டாய்த் திருப்பிக் கொடுத்தது. ஒன்றுக்கு இரண்டு. இந்த மலை முதன்முறையாக விமலநாதனுக்குப் பிடித்த கணக்கில் பேசியது. அவர் எழும்பி நின்று கையைத் தட்டினார், கயிற்றுக்காரி ஹோர்ன் அடித்தாள், பின்னால் வந்த கார்களெல்லாம் அடித்தன. கணவாய் முழுக்கக் கெட்டிமேளம்.

முகூர்த்தம் முடியுமுன் தாலி ஏறியது. ஐயரே மூச்சுவிட்டது கேட்டது.

பிறகுதான் குணநாயகம் பந்தியைப் பார்த்தார். கழித்துக் கழித்துக் குறைத்த அவ்வளவு தலைக்கும் பதிலாக, காரில் வந்த அந்நியக் கூட்டம் காற்சட்டை போட்டுக்கொண்டு, வாழையிலைக்கு முன்னால் வந்து இருந்தது. கயிற்றுக்காரி பருப்புக்கறி மூன்றாம் தரம் கேட்டாள். கணவாயில் காவலிருந்த டெனிஸ்டனுக்கு ஒரு பெரிய பார்சல் போனது. சோறு ஒரு பருக்கையும் மிஞ்சாமல் மட்டுமட்டாகக் கண்டது.

குணநாயகம் விமலநாதனை ஒரு தூணுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். வசவு வரும் என்று விமலநாதன் தோளை நிமிர்த்தினார்.

“சம்பந்தி, அவ்வளவு பெரிய பஸ்ஸை ஏன் பிடிச்சனீங்கள்?”

“சின்னதின்ர விலைக்குத் தந்தாங்கள்.”

குணநாயகம் பந்தியைப் பார்த்தார், மலையைப் பார்த்தார், கொஞ்சநேரம் மீசையைத் தடவினார்.

“அப்ப சரி,” என்றார். “நானெண்டாலும் அதைத்தான் எடுத்திருப்பன்.”