முழுப் பொருத்தம்

நாற்பது வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக உழைத்தவருக்கு அறுபத்தெட்டு வயதில் ரத்தப் புற்றுநோய் வந்தது. கீமோவில் நோய் அடங்கியது. ஆனால் திரும்ப வரும், ஸ்டெம்செல் மாற்றினால்தான் நிலைக்கும் என்றார் டாக்டரம்மா.

"உங்க வயசுக்குப் பெரிய டோஸ் கீமோ தாங்காது. குறைஞ்ச டோஸ் குடுத்துட்டு வேற ஒருத்தரோட செல்லை ஏத்தலாம். கூடப்பிறந்தவங்கன்னா முழுப் பொருத்தம் அமையலாம், ஆனா அவங்களுக்கும் வயசாயிருக்கும். பொண்ணு பாதிப் பொருத்தம்தான், ஆனா இளசு. ரெண்டுலயும் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு."

"பொண்ணைக் கஷ்டப்படுத்த வேண்டாம். தம்பி இருக்கான்," என்றார் மெக்கானிக்.

தம்பியோடு பேச்சு நின்று ஒன்பது வருஷம். மகளின் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் காலைப் பார்த்து, "நொண்டிதான் கெடைச்சானா?" என்று சபையில் கேட்டவன் அவன்.

மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு அவனுடைய பெயிண்டுக் கடைக்குப் போனார். வாடிக்கையாளர் மூன்று பேர் வேடிக்கை பார்க்க, டப்பாவைக் கலக்கி முடிக்கும்வரை தம்பி அவரை நிற்க வைத்தான்.

"என்னண்ணே, வழி தவறி வந்துட்டியா?"

"தப்புதான்டா."

"எது தப்பு? விவரமாச் சொல்லு."

சொன்னார். மாப்பிள்ளை நொண்டிதான் என்பதுவரை சொல்ல வைத்தான். மகள் சுவரிலிருந்த நிற அட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதற்குப் பிறகுதான் தம்பி, "சரி, எடுத்துக்க," என்றான்.

முழுப் பொருத்தம் அமைந்தது. தம்பி அதை ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தான். இரண்டு வாரம் கழித்து டாக்டரம்மா, "தம்பியோடது வேண்டாம், பொண்ணோடதையே எடுத்துக்கலாம்," என்று மட்டும் சொன்னார். காரணத்தைத் தம்பி மனைவிதான் போனில் அழுதபடி சொன்னாள். கொடுக்க வந்தவனைச் சோதித்ததில் அவன் எலும்பு மஜ்ஜையிலும் கோளாறு, புற்றாக முற்றிக்கொண்டிருக்கிறது.

அதை மகளிடம் சொல்லும்போதே மெக்கானிக்குக்கு உதட்டோரம் சிரிப்பு வந்துவிட்டது. மகள் அதைப் பார்த்துவிட்டாள்.

அவளுடைய செல் ஏறியது. வாய் புண்ணாகி, தோல் உரிந்து, நாலு மாதம் படாத பாடு பட்டுப் பிழைத்துக்கொண்டார்.

தம்பிக்குப் பிள்ளைகள் இல்லை. அவன் மனைவி வந்து வாசலிலேயே நின்றாள். "உங்க பாப்பாவோட செல் அவருக்குப் பொருந்துதான்னு ஒருதடவை பாக்கச் சொல்லுங்க, மாமா."

மகள் செருப்பை மாட்டினாள்.

"எங்க கெளம்பிட்ட?" என்றார் அவர். "எனக்கு மறுபடி தேவைப்படலாம்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க. உன் உடம்பு இப்ப எனக்கு வேணும்."

மகள் சித்தியின் முகத்தைப் பார்க்காமலே செருப்பைக் கழற்றினாள்.

தம்பி ஏழு வாரம் இருந்தான். அவனை எடுத்த அன்று மெக்கானிக் போகவில்லை. கூட்டத்தில் கிருமி தொற்றும் என்று டாக்டரம்மா எச்சரித்திருந்தார். விசாரித்த எல்லோரிடமும் அதையே சொன்னார்.